கமால் பாய் கத்தினால் சிவப்பு

கமாலுதீன் கோபக்காரர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருடைய குரல்தான் அப்படி. துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கிரேனுக்குக் கீழே நின்று, மேலே கூண்டுக்குள் இருப்பவன் காதில் விழும்படி ‘தூக்கு’, ‘எறக்கு’, ‘நிறுத்துடா’ என்று கத்தியே பிழைத்த தொண்டை. அந்த வேலையை விட்டுத் தண்டையார்பேட்டையில் பேனர் கடை போட்டபோது ஹெல்மெட்டையும் பூட்ஸையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்தார். குரலை ஒப்படைக்க மறந்துவிட்டார். கடைக்குள் உட்கார்ந்தபடி அவர் ஒரு டீ சொன்னால், எதிர்வரிசைப் பழைய இரும்புக் கடையிலிருந்து ‘எனக்கும் ஒண்ணு சொல்லு பாய்’ என்று பதில் வரும்.

இந்தக் குரலுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து நான்கு வருடமாக டிசைனர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள் மோகனப்ரியா. திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். வீட்டில் எல்லோரும் அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள் என்பதால் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும், மணமகள் பெயரில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காதுக்குப் பின்னால் “மோகனா! அந்த வளைகாப்பு இன்னாச்சு!” என்று வெடித்தால் யாருக்கும் கை உதறும். மௌஸ் எகிறி, மாப்பிள்ளையின் மூக்கு காது வரைக்கும் இழுபட்ட நாட்கள் உண்டு.

ஆனால் விவகாரம் குரலில் தொடங்கவில்லை. கம்ப்யூட்டரில் தொடங்கியது.

கடையின் கம்ப்யூட்டர் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. நாள் முழுக்க எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகும். அவை கிளப்பும் புழுதி, எங்கிருந்தோ பறந்து வரும் கரித்தூள், கடலிலிருந்து வரும் உப்புக் காற்று மூன்றும் அந்தப் பெட்டிக்குள் போய்க் குடியேறிவிடும். மாதம் ஒருமுறை மோகனப்ரியா அதைத் திறந்து துடைத்தால் துணி அடுப்படித் துணிபோல் ஆகிவிடும். மே மாத வெயிலில் பத்தடிக்கு மேற்பட்ட பேனர் எதைத் திறந்தாலும் பெட்டி மேம்பாலம் ஏறும் ஷேர் ஆட்டோபோல் முனகும். பிறகு அணைந்துவிடும். அந்த வாரத்தில் அது ஐந்தாவது முறை அணைந்தபோது மோகனப்ரியா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“பாய், இதுக்கு மேல தாங்காது. உள்ள ரெண்டே ஃபேன் கீது. அதுங்களும் மூச்சு வாங்குதுங்க.”

“அதுக்கு இன்னா பண்ணணும்ன்ற?”

“பொட்டிய அறுக்கணும். காத்து உள்ள வர வழி, வெளிய போவ வழி வெக்கணும். புதுசா ஆறு ஃபேன் போடணும்.”

“போட்டுக்கோ. ஆனா கலர் லைட்டு, ஜிகினா வேலையெல்லாம் வோணாம். இது பேனர் கடை, பொருட்காட்சி இல்ல.”

“லைட்டு ஃபேனோடயே ஒட்டிகினு வருது பாய். தனியா பிச்சு எடுக்க முடியாது.”

இது பாதி உண்மை. ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் முதலில் விளக்கில்லாத ஃபேன்களைத்தான் எடுத்து மேசையில் வைத்தார். மோகனப்ரியா அவற்றைப் புறங்கையால் மெல்லத் தள்ளிவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வானவில்போல் சுற்றிக்கொண்டிருந்ததைக் காட்டி, “அத்த குடுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கமாலுதீன் புழலில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தார். மோகனப்ரியா கடையைத் திறந்து, பெட்டியைத் தரையில் படுக்க வைத்தாள். பெயர்ப்பலகை வெட்டும் இயந்திரம் கடையிலேயே இருந்தது. அக்ரிலிக் துண்டுகளும் மூலையில் குவிந்து கிடந்தன. பக்கத் தகட்டில் ஒரு சன்னல் அளவுக்குச் சதுரமாக அறுத்தெடுத்து, அந்த இடத்தில் புகைநிற அக்ரிலிக்கைப் பொருத்தினாள். முன்பக்கம் மூன்று வட்டம், மேலே இரண்டு, பின்னால் ஒன்று. தகரம் அறுபடும் சத்தத்துக்குத் தெருநாய் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. முன்பக்க ஃபேன்கள் காற்றை உள்ளே இழுக்கவும், மற்றவை வெளியே தள்ளவும் வேண்டும். எந்த ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் பிடித்துப் பார்த்துப் பார்த்து மாட்டினாள். புழுதிக்கு என்ன செய்வது என்பதை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். சென்னாகூனி என்ற பொடி இறாலை அள்ளும் வலை கொசுவலை மாதிரி நெருக்கமானது. அப்பாவின் பழைய வலையில் ஒரு முழம் வெட்டி, இரண்டாக மடித்து, முன்பக்க ஃபேன்களின் முகத்தில் இழுத்துக் கட்டினாள். உள்ளே கிடந்த வயர்க் குப்பையை எல்லாம் ஒதுக்கி, கட்டுப்பட்டை போட்டு இறுக்கினாள்.

சுவிட்சைத் தட்டியதும் பெட்டி நீலமாக விழித்தது. ஆறு வளையமும் சத்தமே இல்லாமல் சுற்றின. மோகனப்ரியா கடையின் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, வியர்வை வழிய, கையில் திருப்புளியோடு அப்படியே நின்றாள். நீலம் சுவரெல்லாம் பரவி, சுருட்டி வைத்திருந்த ஃபிளெக்ஸ் ரோல்கள் மேல் வழிந்தது. பெரிய பேனர் ஒன்றைத் திறந்து பார்த்தாள். முன்பு தொண்ணூற்றைத் தொட்ட சூடு அறுபதைத் தாண்டவில்லை.

விளக்குகளுக்குக் கையடக்க ரிமோட் ஒன்று வந்திருந்தது. எந்த நிறம் வேண்டுமோ அதை அழுத்தலாம். அதோடு மோகனப்ரியா கம்ப்யூட்டரிலும் ஓர் ஏற்பாடு செய்து வைத்தாள்: உள்ளே சூடு எண்பதைத் தாண்டினால், ரிமோட் எதைச் சொன்னாலும் சரி, பெட்டி சிவந்துவிடும். எச்சரிக்கைக்காகச் செய்தது. அந்த நேரத்தில் அவள் மனத்தில் வேறு எந்தக் கள்ளமும் இல்லை.

கள்ளம் திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வந்தது.

“இன்னாமா இது, கல்யாண மண்டபம் மாதிரி கீது?” என்று கமாலுதீன் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கேட்டாரே தவிர, கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. அப்போது போன் வந்தது. மை கொண்டுவர வேண்டிய ஆள், வண்டி பழுது என்று காரணம் சொன்னான். “வண்டி நின்னா நடந்து வாய்யா! மாதவரம் இன்னா மலேசியாலயா கீது?” என்று கமாலுதீன் ஆரம்பித்தார். அந்த அதிர்ச்சியில் மோகனப்ரியாவின் முழங்கை மேசையிலிருந்த ரிமோட்டில் இடித்தது. பெட்டி சட்டென்று ரத்தச் சிவப்பானது.

கமாலுதீன் பாதி வாக்கியத்தில் நின்றார்.

“ஏம்மா, அது இன்னாத்துக்குச் செவந்துச்சு?”

‘கை பட்டுடுச்சு பாய்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“சத்தம் பாய். உள்ள சென்சார் கீது. சத்தம் ஜாஸ்தியானா பொட்டி அதிரும். அதிர்ந்தா சூடு. சூடானா செவப்பு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, பட்டுனு நின்னுபூடும்.”

கமாலுதீன் பெட்டியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை வாயருகே கொண்டுபோய், மோகனப்ரியா நான்கு வருடத்தில் கேட்டேயிராத ஒரு குரலில், “சரிப்பா, மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல” என்றார். அவள் மேசைக்கடியில் நீலப் பொத்தானை அழுத்தினாள்.

“யா அல்லா” என்றார் கமாலுதீன், மூச்சுவிடாமல். “கேக்குதும்மா அதுக்கு!”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று மதியம் வரைக்கும் கடையில் நிலவிய அமைதியில் மூன்று பேனர் முடிந்தது. எந்த மாப்பிள்ளைக்கும் மூக்கு நீளவில்லை. ருசி கண்டுவிட்டாள். ரிமோட் சாப்பாட்டுப் பைக்குள் குடியேறியது. தண்ணீர் பாட்டிலை எடுப்பதுபோல் கையை விட்டால் போதும். கத்தினால் சிவப்பு. ‘இன்னுமா முடிக்கல’ என்று கேட்டால் மஞ்சள். ‘போய் ஒரு டீ குட்ச்சுட்டு வாம்மா’ என்றால் பச்சை. அந்த வாரக் கடைசியில் கமாலுதீன் சூடாக நான்கு சமோசா வாங்கி வந்து மேசையில் வைத்தபோது பெட்டி பச்சை, நீலம், ஊதா என்று ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டாடியது.

“பாத்தியா, வாசன கூடத் தெரியுது அதுக்கு” என்றார் அவர் கிசுகிசுப்பாக. மோகனப்ரியா சிரிப்பை அடக்கக் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள். சமோசாவின் காரம் அங்கே போய் எரிந்தது.

இரண்டாவது வாரம் கமாலுதீனின் மனைவி ரஹீமுன்னிசா கடைக்கு வந்தார். கணவர் தொழுகைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்தார். முகத்தில் கலவரம்.

“மோகனா, உள்ளத சொல்லு. அவருக்கு ஒடம்புக்கு இன்னா? பத்து நாளா வூட்ல கத்தவேயில்ல. கேட்டா, பழகிடுச்சுன்றாரு. நேத்து கொழம்புல உப்பே போடல நானு. சும்மா துன்னுட்டு எழுந்து போறாரு. டாக்டராண்ட காட்டலாமா?”

மோகனப்ரியா கீபோர்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டாள். ரஹீமுன்னிசா முதலில் வாயில் கைவைத்தார். அடுத்து பக்கத்திலிருந்த ஃபிளெக்ஸ் ரோல் மேல் உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்ததும் கேட்ட முதல் கேள்வி:

“இதே மாதிரி வூட்டு டீவிக்கு ஒண்ணு போட்டுத் தருவியா?”

போட்டுக் கொடுத்தாள். அதே கடை, அதே கம்பெனி, ஃபேன் இல்லாமல் விளக்குப் பட்டை மட்டும். டீவியின் முதுகில் ஒட்டி, ரிமோட்டை ரஹீமுன்னிசாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். ‘டீவிக்கும் சென்சார் வெச்சாச்சு’ என்று வீட்டில் அறிவிப்பானது.

இதில் மோகனப்ரியா கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது. கமாலுதீனின் குரல் போனபோது அதோடு சேர்ந்து கதைகளும் போய்விட்டன. வேலை ஓய்ந்த நேரங்களில் அவர் துறைமுகத்துக் கதை சொல்வார். வெயிலில் கண்டெய்னரைத் திறந்ததும் உள்ளேயிருந்த இரண்டாயிரம் பொம்மைகளும் ஒரே நேரத்தில் ‘மம்மா’ என்று அழுததில் சுங்க அதிகாரி செருப்பை விட்டுவிட்டு ஓடிய கதையை, இரண்டாயிரம் பொம்மையாகவும் அதிகாரியாகவும் தானே கத்திக் காட்டுவார். இப்போது அதைக் கிசுகிசுப்பில் சொல்லிப் பார்த்தார். இரண்டாயிரம் பொம்மையும் தொண்டை கட்டியதுபோல் முனகின. பாதியில், “சரி வுடு” என்று எழுந்து போய்விட்டார். கடைக்கு வந்தவர்கள், “பாய் வூட்ல ஏதாச்சும் துக்கமா?” என்று அவளிடம் தனியாகக் கேட்டார்கள்.

மோகனப்ரியாவுக்கு உறுத்தியது. ‘திங்கக்கெழம சொல்லிடலாம்’ என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை அவள் பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். உள்ளே கால் வைத்ததும் பெட்டி சிவந்தது.

சாப்பாட்டுப் பை அவள் தோளில் இருந்தது. ரிமோட் அதன் அடியில், தயிர்சாத டப்பாவுக்குக் கீழே. அவள் எதையும் தொடவில்லை. கமாலுதீன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, மிக மெதுவாக, “நான் வாயே தொறக்கலம்மா. உன்ன பாத்துதான் செவக்குது” என்றார்.

ஓடிப்போய்ச் சூடு பார்த்தாள். ஐம்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் நீலமானது. பதினொரு மணிக்குக் கொட்டாவி விட்டாள், சிவப்பு. மதியம் மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு ரீல்ஸ் பார்த்தாள். சிவப்பு, அதுவும் விட்டு விட்டு, ஆம்புலன்ஸ்போல. போனைக் கீழே வைத்தாள், நீலம்.

விளக்குகளை இயக்கும் சின்னச் சில்லு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தாள். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினாள். செவ்வாய்க்கிழமை மறுபடி அதே கதை. மறுபடி திறந்தாள். புதன்கிழமை மூன்றாவது தடவை. கமாலுதீன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு, அப்படி ஓர் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

“அதுக்கு உன் மேல இன்னா பேஜாரோ. ஏதாச்சும் பாவம் பண்ணியா அதுக்கு?”

“நான் இன்னா பாய் பண்ணேன்?”

“எனக்கு இன்னா தெரியும்? சாரி கேட்டுப் பாரேன்.”

அவர் டீக்கென்று எழுந்து போனதும், மோகனப்ரியா தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. பெட்டியின் தலையில் கையை வைத்து, உதடு அசையாமல், “சாரி” என்றாள். பெட்டி பச்சையானது. அவளுக்கு அழுகை வராத குறை.

அந்த மூன்றாவது தடவை மூடும்போது கட்டுப்பட்டை தீர்ந்து போயிருந்தது. ஒரு வயரை மட்டும் கட்டாமல் உள்ளே ஒதுக்கிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலகையை மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை பரசுராமன் வந்தார். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறவர். வெள்ளிக்கிழமை புதுப்படகை அவர் தண்ணீரில் இறக்குகிறார். அதற்கு இருபதடி பேனர். அது வியாழனன்றே, மதியத்துக்குள் கையில் வேண்டும். தானே பக்கத்தில் இருந்து செய்து வாங்கிப் போவதாகச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மோகனப்ரியாவின் தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். படகின் படத்தைச் சுற்றி நாற்பத்துமூன்று சொந்தக்காரர்களின் முகங்கள் வர வேண்டும்.

“எங்க மச்சான் ஓரத்துல கீறான் பாரு, அவன நடுவுல போடு. இல்லாட்டி என் வூட்டுக்காரி சோறு போட மாட்டா.”

மச்சானை நடுவுக்குக் கொண்டுவந்தாள். அவர் தொப்பை சித்தப்பாவின் தலையை மறைத்தது. சித்தப்பாவை நகர்த்தினாள். பின்னறையில் அச்சு இயந்திரம் வேறெதையோ ஓட்டிக்கொண்டு இரைந்தது. முப்பத்தொன்பதாவது முகத்தை ஒட்டும்போது பெட்டி சிவந்தது.

மோகனப்ரியா ஓரக்கண்ணால் பார்த்தாள். ‘ஆரம்பிச்சுட்டியா’ என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நான்கு நாளாக இதைப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்தப் பக்கம் கமாலுதீனும் சிவப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் கை தண்ணீர் பாட்டிலுக்காகச் சாப்பாட்டுப் பைக்குள் போவதைப் பார்த்தார். மீசைக்கடியில் சிரித்துக்கொண்டு பேப்பரைப் புரட்டினார்.

நாற்பத்திரண்டாவது முகத்தில் திரை கறுப்பானது.

“இன்னாமா, கரண்ட் போச்சா?” என்றார் பரசுராமன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கமாலுதீன் எழுந்து வந்து, அவள் காதருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “போதும்மா. பார்ட்டி முன்னாடி வெளையாடாத. ரிமோட்ட கீழ வெச்சுட்டு ஆன் பண்ணு.”

மோகனப்ரியா திரும்பினாள். “எந்த ரிமோட்டு?”

கமாலுதீன் வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

“உங்களுக்கு எப்டி பாய் ரிமோட்டு தெரியும்?”

தாடையைத் தடவியவர், சட்டைப் பையில் கையை விட்டு, அவளுடையதைப் போலவே இருந்த ஒரு ரிமோட்டை எடுத்து மேசையில் வைத்தார். அதிலிருந்து மஞ்சள்தூள் உதிர்ந்தது.

“வூட்ல அஞ்சறப் பொட்டிக்குள்ள இருந்துச்சு. போன வாரம் சீரகம் தேடப்போன எடத்துல கெடச்சுது. அமுக்கிப் பாத்தேன், டீவி பச்சையாச்சு. இங்க எடுத்தாந்து அமுக்கினேன், இதுவும் ஆச்சு. ஒரே சாதி போல. தெனமும் காலைல எடுத்தாருவேன், ராத்திரி அவளுக்குத் தெரியாம அங்கயே வெச்சுடுவேன்.”

“அப்போ நாலு நாளா என்ன…”

“நீ என்ன எத்தினி நாளு?”

“நான் இன்னா உங்கள சாரி கேக்கவா வெச்சேன்!”

“என்ன நீ பேசவே வுடலியே!” கமாலுதீனின் குரல், மூன்று வாரம் அடைபட்டுக் கிடந்த குரல், மதகு திறந்ததுபோல் வந்தது. “ஒரு மாசமா எலி மாதிரி குசுகுசுன்னு! மீன் வாங்கப் போனா, தொண்டக் கட்டா பாய்ன்னு மெளகு குடுக்குறான்! கட தெருவுல அவனவன் நான் உசுரோட கீறப்பவே எனக்கு ஃபாத்தியா ஓத ரெடியாயிட்டான்!”

இரும்புக் கடைக்காரர் வெளியே வந்து நின்றார். மோகனப்ரியாவும் விடவில்லை. குப்பத்துக் குரல் அவளுக்கும் உண்டு. நான்கு வருடமாக எடுக்க வாய்ப்பில்லாமல் இருந்ததுதான். இருவரும் கையில் ஆளுக்கொரு ரிமோட்டை வைத்துக்கொண்டு கத்தினார்கள். பரசுராமன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் நடுவில் கையை நீட்டினார்.

“இருங்கப்பா. இப்போ செவக்க வெச்சது யாரு?”

“நான் இல்ல” என்றார் கமாலுதீன்.

“நானும் இல்ல” என்றாள் மோகனப்ரியா.

மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

அவள் அதன் மேல் கைவைத்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தோசைக்கல் சூடு. நான்கு திருகாணியைக் கழற்றி அக்ரிலிக் பலகையை எடுத்தாள். கட்டாமல் விட்ட அந்த வயர் நழுவி, பிராசசர் மேலிருந்த ஃபேனின் இறக்கைகளுக்குள் சுருண்டு கிடந்தது. வலையில் மாட்டிய நண்டுபோல் ஃபேன் நகர முடியாமல் நின்றது. மற்ற ஆறு ஃபேன்களும் எவ்வளவு ஊதினாலும் அந்த ஒரு இடத்துச் சூட்டை அவற்றால் இறக்க முடியவில்லை. பெட்டி இந்த முறை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

“மூணு தபா தொறக்க வெச்சீங்க இல்ல, அதான்” என்றாள் மோகனப்ரியா. குரலில் சுருதி குறைந்திருந்தது. கட்டாமல் விட்டது அவள்தான்.

“சரி சரி, யாரு பண்ணாங்கறது அப்புறம். மணி இன்னாச்சு பாரு” என்றார் கமாலுதீன்.

வயரை விடுவித்தாயிற்று. கட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவள் மேசை டிராயரில், வலை கட்டியபோது மிஞ்சிய நைலான் நூல் கொஞ்சம் கிடந்தது. அதை எடுத்ததும் பரசுராமன் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “நவுரு. முடிச்சு போடறத நான் பாத்துக்கறேன்.” தடித்த விரல்களைப் பெட்டிக்குள் விட்டு, வயரை ஓரமாக இழுத்து, மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டார். “சொறா வந்தாலும் அவுராது” என்றார். சூடு ஆறட்டும் என்று கமாலுதீன் ஃபிளெக்ஸ் துண்டால் பெட்டிக்கு விசிறிவிட்டார்.

திரை வந்தது. ஆனால் கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு செய்த பதினேழு முகங்கள் போயிருந்தன. பரசுராமன் பெயர்ப் பட்டியலைக் கமாலுதீனிடம் கொடுத்தார். அவர் அச்சு இயந்திரத்துக்கும் அவளுக்கும் நடுவே நின்றுகொண்டு, ஒவ்வொரு பெயராக, தகப்பன் பெயரோடும் உறவு முறையோடும், துறைமுகக் குரலில் வாசித்தார். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே ஓர் எழுத்துகூடத் தவறாமல் அவள் காதில் விழுந்தது. தெருவில் போன மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர், ஏலம் என்று நினைத்து நின்றுவிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த அவசரத்தில் மச்சான் மறுபடியும் ஓரத்துக்கே போய்விட்டார். பரசுராமன் குனிந்து பார்த்தார்.

“வுடு. அவன் அங்கயே கெடக்கட்டும்” என்றார்.

இரண்டரை மணிக்குப் பேனர் சூடாகச் சுருண்டு, நின்ற மீன்பாடி வண்டியிலேயே ஏறிக் காசிமேடு போனது. பரசுராமன் பின்னால் பைக்கில், ரோலின் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனார்.

கடை அமைதியானது. மோகனப்ரியா தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கிண்டினாள்.

“சாரி பாய்.”

“என்னாண்ட இன்னாத்துக்கு? பொட்டியாண்ட கேட்டுட்டியே.”

அவள் நிமிர்ந்தாள். “அத்த பாத்தீங்களா?”

“நீ தெருவத்தான பாத்த? நான் பின்பக்கமா சுத்தி வந்து பின்னறைக் கதவாண்ட நின்னுகினு இருந்தேன். பச்ச குடுத்தது யாருன்னு நெனச்ச?”

காது மடல் வரைக்கும் சூடேறியது அவளுக்கு. சாதத்தில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, மென்று முடித்தபின் கேட்டாள்: “உங்களுக்குத்தான் போன வாரமே தெரியுமே பாய். அப்புறமும் ஏன் வூட்ல கத்தாம இருந்தீங்க? அக்கா நேத்து கூட சொன்னாங்க, சாதுவா இருக்காருன்னு.”

கமாலுதீன் மேசையில் சிந்திய மஞ்சள்தூளை விரலால் ஒன்று சேர்த்தார்.

“நான் கத்தாம இருந்தா அவ பேசறது கேக்குதும்மா. நல்லா பேசறா. இவ்ளோ நாளு பேசிகினுதான் இருந்திருக்கா, எனக்குத்தான் தெரியல.” பிறகு தொண்டையைச் செருமினார். “ஆனா இங்க முடியாது. நாள் பூரா வாயக் கட்டினா தொண்ட அரிக்குது.”

அன்றைக்கு ஒப்பந்தம் ஆனது. வீட்டில் மெதுவாக, கடையில் எப்படி வேண்டுமானாலும். ஆனால் மோகனப்ரியா முகம் ஒட்டும்போது மட்டும் மூச்சு விடக்கூடாது. சிவப்பை இனிமேல் இருவரும் தொடக்கூடாது. அது பெட்டியின் சொந்த நிறம். அஞ்சறைப் பெட்டி விவகாரம் ரஹீமுன்னிசாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவர் ரிமோட்டை ஒளிக்க வேறு இடம் தேடிவிடுவார்.

“சரி, மத்த கலரெல்லாம் எப்டி மாத்தறது? காட்டு” என்றார் கமாலுதீன், முக்காலியை இழுத்துக்கொண்டு.

காட்டினாள். வெள்ளை வேண்டாம் என்றார், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம். மஞ்சள், மாவு மில். நீலத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அடுத்ததை அழுத்தியபோது பெட்டி கத்திரிப்பூ நிறத்தில் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தது. கமாலுதீனின் முகம் மலர்ந்தது.

“இது! இத்த வெச்சுடு.”

“ஐய, பாய், பியூட்டி பார்லர் மாதிரி கீது.”

“எனக்குப் புட்ச்சுகீது.”

“டிசைனர் நானு. கலரு நான்தான் சொல்லணும்.”

“கட என்து” என்றார் கமாலுதீன். அவள் தடுப்பதற்குள் இரண்டு ரிமோட்டையும் திருப்பி, முதுகு மூடியைத் திறந்து, பொத்தான் பேட்டரி இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “டீ குட்ச்சுட்டு வரேன்” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அறிவித்துவிட்டுக் கிளம்பினார்.

மோகனப்ரியா அந்த நிறத்திலேயே வேலையைத் தொடர்ந்தாள். கால் மணி நேரத்தில் ஓர் அம்மாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, பெட்டியையும் சுவரில் படிந்திருந்த கத்திரிப்பூ வெளிச்சத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்திக்கொண்டார்.

“புருவம் மட்டும் எடுத்து வுடும்மா, போதும்” என்றார்.